நீண்ட நாள் மன அழுத்தம் உடம்பை எப்படித் தாக்குகிறது? நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அப்பா பக்கவாதத்தில் படுத்து எட்டாவது மாதம். என் இடது விலாவில் நெருப்புப் பட்டது போல எரிச்சல் தொடங்கி, இரண்டே நாளில் வரிசையாகக் கொப்புளங்கள் கிளம்பின. பக்கத்து வீட்டு அக்கா பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "இது அக்கிம்மா. குயவர்கிட்டப் போயிக் காவியில எழுதிக்கோ, சூடு அடங்கும்." தோல் மருத்துவரும் அக்கி என்றுதான் சொன்னார். மாத்திரை எழுதிக்கொண்டே, "வீட்டுல யாரையாவது வெச்சுப் பார்த்துக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். விலாவில் வந்த கொப்புளத்துக்கும் கட்டிலில் கிடக்கும் அப்பாவுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அக்கி புதிதாக வெளியிலிருந்து வருவதில்லை. சிறு வயதில் சின்னம்மை வந்து ஆறிய பிறகும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடக்கும். காவல் தளர்ந்தால் நரம்பு வழியாகவே தோலுக்கு வரும். காவல் தளர முதல் காரணம் வயது. என் அக்கிக்கு மன அழுத்தம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் மருத்துவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று தேடிப் படிக்கப் போனதில்தான் நரம்பும் நோய் எதிர்ப்பு சக்தியும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்று தெரிந்தது.

நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கடனிலோ வேலையிலோ குடும்பத் தகராறிலோ மாதக்கணக்காக மாட்டிக்கொண்டவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். முதல் நான்கு படிகள் புரிந்துகொள்வதற்கு, அடுத்த ஐந்தும் செய்வதற்கு. நேரமில்லாதவர்கள் நேராக ஐந்தாவது படிக்குப் போங்கள்.

முதல் படி: உடம்புக்குள் ஓடும் பாதைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்குப் புரையேறும் சத்தம் கேட்கிறது. கண் திறப்பதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை வியர்க்கிறது. இது வேகமான பாதை. பள்ளிப் பாடத்தில் பரிவு நரம்பு மண்டலம் என்று படித்தோமே, அதன் வேலை. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் இந்த நரம்புகள் இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் மட்டும் போவதில்லை. வெள்ளை அணுக்கள் கூடியிருக்கும் மண்ணீரல், தைமஸ், எலும்பு மஜ்ஜை எல்லாவற்றுக்கும் போகின்றன. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டேவிட் ஃபெல்டன் என்ற ஆய்வாளர் நுண்ணோக்கியில் பார்த்தபோது, மண்ணீரலில் நரம்பு இழைகள் எதிர்ப்பு அணுக்களை ஒட்டியே போய் முடிவது தெரிந்தது. நோய் எதிர்ப்பு மண்டலம் மூளையைக் கேட்காமல் தானே இயங்குகிறது என்று அதுவரை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

இன்னொன்று மெதுவான பாதை. மூளையின் அடியிலிருக்கும் ஹைபோதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் சொல்ல, அங்கிருந்து கார்டிசால் சுரக்கிறது. அது இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும். அதே சமயம் அழற்சியை, அதாவது கிருமியோடோ காயத்தோடோ உடம்பு போராடும்போது வரும் சூடு, சிவப்பு, வீக்கத்தை, அடக்கி வைக்கும். இந்த இரண்டாவது வேலை எவ்வளவு வலிமையானது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் இருந்த ஒரு பெண்ணுக்கு, கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோனை பிலிப் ஹென்ச் ஊசியாகப் போட்டார். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சும் கெண்டலும் ரைக்ஸ்டைனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்று ஆஸ்துமாவுக்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் இதே குடும்பம்தான். பதற்றத்தில் சுரக்கும் பொருளும், எதிர்ப்பு சக்தியை அடக்க மருத்துவர் எழுதும் மருந்தும் உறவுக்காரர்கள் என்பதை மறக்காதீர்கள். மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பேச்சு ஒருவழியாகவும் நடப்பதில்லை. கிருமியோடு சண்டை போடும் அணுக்கள் வெளியிடும் பொருட்கள் மூளைக்குச் செய்தி சொல்கின்றன. காய்ச்சலில் சோறு பிடிக்காமல், யாரோடும் பேசப் பிடிக்காமல், இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறோமே, அது கிருமி நேரடியாகச் செய்வதில்லை. மூளையே உடம்பை ஓய்வில் போடுகிறது. மாதக்கணக்கில் லேசான அழற்சி இருப்பவர்களுக்கு வரும் அலுப்பும் சோர்வும் இந்த வகையாகவும் இருக்கலாம். அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1975-இல் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ராபர்ட் ஆடர் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே குமட்டல் உண்டாக்கும் மருந்தையும் ஊசியாகப் போட்டார். அந்த மருந்து எதிர்ப்பு சக்தியையும் குறைக்கக்கூடியது. பிறகு மருந்தை நிறுத்திவிட்டு வெறும் இனிப்புத் தண்ணீரை மட்டும் கொடுத்தபோதும் சில எலிகள் செத்துப்போயின. ஆடரும் நிக்கோலஸ் கோஹனும் சேர்ந்து முறையாகச் சோதித்தார்கள். பழைய ருசி நாக்கில் பட்டதுமே எலிகளின் இரத்தத்தில் கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளின் உற்பத்தி குறைந்தது. ஒரு ருசியின் ஞாபகம் இரத்தம் வரை போயிருக்கிறது. மூளை, நரம்பு, எதிர்ப்பு சக்தி மூன்றையும் சேர்த்துப் படிக்கும் துறை வளர்ந்ததே இதற்குப் பிறகுதான்.

இரண்டாம் படி: எது சின்ன அழுத்தம், எது நீண்ட அழுத்தம் என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாப் பதற்றமும் கெடுதல் இல்லை. மேடையேறும் முன்போ, நாய் துரத்தும்போதோ, சில நிமிடங்களுக்குள் வெள்ளை அணுக்கள் கிளம்பி இரத்தத்தில் ஏறுகின்றன. காயம் படப்போகிறது என்ற முன்னேற்பாடு அது. 2004-இல் செகர்ஸ்ட்ராம், மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 30 ஆண்டுகளில் வந்த 293 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நிமிடக் கணக்கிலான அழுத்தம் முதல்நிலை எதிர்ப்பைத் தூண்டுவதும், மாதக்கணக்கில் நீள்வது எல்லா வகை எதிர்ப்பையும் குலைப்பதும் தெரிந்தது.

நீண்டுபோனால் என்ன ஆகிறது? இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கார்டிசால் கூடிக்கொண்டே போகும், எதிர்ப்பு சக்தி குறைந்துகொண்டே போகும் என்பது பாதிக் கதை. பேருந்து நிலையத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஹாரன் சத்தம் காதில் விழாமல் போய்விடும் அல்லவா? அப்படித்தான் வெள்ளை அணுக்களுக்கும். கார்டிசால் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அவை அதற்குச் செவிடாகிவிடுகின்றன. 2002-இல் புற்றுநோய் வந்த குழந்தைகளின் பெற்றோர்களிடம் மில்லரின் குழு இதைப் பார்த்தது. அவர்களுடைய வெள்ளை அணுக்களில் ஸ்டீராய்டைச் சேர்த்தபோது, மற்ற பெற்றோர்களின் அணுக்கள் அடங்கிய அளவுக்கு அவை அடங்கவில்லை.

அதனால் இரண்டு கெடுதலும் ஒரே உடம்பில் சேர்ந்தே நடக்கும். வைரஸை அடக்க வேண்டிய இடத்தில் கை தளர்கிறது. அடங்க வேண்டிய அழற்சி அடங்காமல் எரிகிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டித் தருகிறோம் என்று விற்கும் டானிக்குகளை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். இங்கே கெட்டுப்போயிருப்பது அளவு இல்லை, கட்டுப்பாடு.

மூன்றாம் படி: சான்று எவ்வளவு வலுவானது என்று பாருங்கள்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவர் கணவர் ரொனால்ட் கிளேசரும் சேர்ந்து செய்த ஆய்வுகளில் 1995-ஆம் ஆண்டு ஆய்வைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள். அதே வயதில், அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். அத்தனை பேர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரிச் சிறு காயம் செய்து, ஆறும் நாளை எண்ணினார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாள். நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு 48 நாளைத் தாண்டியது. ஒரு துளைக் காயத்தில் ஒன்பது நாள் வித்தியாசம்!

பெரிய துயரம்தான் வேண்டும் என்பதில்லை. 1998-இல் அதே குழு பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் விடுமுறையில் ஒரு சிறு காயமும், தேர்வுக்கு மூன்று நாள் முன்பு இன்னொன்றும் செய்து பார்த்தது. அதே ஆள், அதே வாய். தேர்வு நேரத்துக் காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தது.

சளிக்கும் சான்று உண்டு. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் ஷெல்டன் கோஹன் 394 பேரின் மூக்கில் சளி வைரஸ் சொட்டுவிட்டு, அவர்களைத் தனியே தங்க வைத்துப் பார்த்தார். 1991-இல் வெளியான முடிவு: மன அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சளி பிடித்தது, மிக அதிகமாக இருந்தவர்களில் 47 சதவீதம். ஐந்து வகை வைரஸ்களை வைத்துச் சோதித்தும் போக்கு ஒன்றேதான். அவரது அடுத்த ஆய்வில், ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்த அழுத்தம்தான் ஆபத்தைக் கூட்டியது. குறிப்பாக, வேலையில்லாமல் இருப்பதும் நெருங்கியவர்களோடு தீராத மனக்கசப்பும்.

நான்காம் படி: எந்த நோயில் அழுத்தத்துக்கு எவ்வளவு பங்கு என்று அளந்து பேசுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். "நீ கவலைப்பட்டுத்தான் இதை வரவழைச்சுக்கிட்ட" என்று ஒரு நோயாளியிடம் சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை.

வயிற்றுப்புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கவலையும் காரமும்தான் காரணம் என்று உலகமே நம்பியது. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் காட்டினார்கள். 1984-இல் மார்ஷல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல். இன்று ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும் நோய் அது. ஆனாலும் 1995-இல் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியபோது வயிற்றுப்புண் நோயாளிகள் கூடினார்கள். கிருமி வீட்டைக் கொளுத்தும், அழுத்தம் காற்றாக வீசும் என்று வைத்துக்கொள்ளலாம்.

புற்றுநோயில் இன்னும் கவனம் தேவை. ஐரோப்பாவில் 1,16,000 பேரைத் தொடர்ந்து பார்த்து 2013-இல் வெளியான தொகுப்பாய்வில், வேலை அழுத்தத்துக்கும் பெருங்குடல், நுரையீரல், மார்பகம், புரோஸ்டேட் புற்றுநோய்களுக்கும் தொடர்பு தென்படவில்லை. எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களில் தொடர்பு இருக்கிறது, ஆனால் சிறியது. 2018-இல் வந்த சுவீடன் ஆய்வில், கடும் மன அழுத்தக் கோளாறு வந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 9 பேரும், மற்றவர்களில் 6 பேரும் அந்த நோய்களுக்கு ஆளானார்கள்.

வலுவான தொடர்பு இதயத்தில்தான். 2017-இல் 293 பேரின் ஸ்கேன்களை வைத்துச் செய்த ஆய்வில், பயத்தைக் கையாளும் மூளைப்பகுதி அதிகம் இயங்கியவர்களுக்கு எலும்பு மஜ்ஜையும் அதிகம் இயங்கியது, இரத்தக்குழாய் அழற்சியும் கூடியிருந்தது, பின்னாளில் மாரடைப்பு போன்றவையும் அதிகம் வந்தன. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குக் கார்டிசால் சர்க்கரையை ஏற்றும். சொரியாசிஸ், எக்ஸிமா, ஆஸ்துமா ஏற்கெனவே இருந்தால் கிளறிவிடும்.

ஐந்தாம் படி: முதலில் மருத்துவரைப் பாருங்கள்

இரண்டு வாரம் ஒரு பழைய நோட்டில் தினமும் நான்கு வரி எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், எத்தனை முறை எழுந்தேன், எங்கே வலி அல்லது புண், இன்றைக்கு யாரிடமாவது மனம்விட்டுப் பேசினேனா. அந்த நோட்டோடு போனால் மருத்துவருக்கு ஐந்து நிமிடத்தில் படம் கிடைக்கும்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நாம் அழுத்தம் என்று நினைக்கும் அலுப்பு பல பெண்களுக்கு இரத்தசோகையாக இருக்கும். கார்டிசால் பரிசோதனையை நீங்களாகப் போய் எடுக்காதீர்கள். அது காலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடியில் இருக்கும். ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு அழுத்தத்தை எடைபோட முடியாது.

சில அறிகுறிகளை அழுத்தத்தின் கணக்கில் எழுதவே கூடாது: காரணமில்லாத எடைக்குறைவு, வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், கழுத்திலோ அக்குளிலோ கரையாத நெறி, மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண், நெஞ்சில் அழுத்தும் வலி. நெஞ்சு வலிக்குச் சந்திப்பு நேரம் எல்லாம் வாங்கிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.

ஆறாம் படி: தூக்கத்தை எப்படியாவது மீட்டெடுங்கள்

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 2002-இல் வெளியான ஒரு ஆய்வில், தினம் நான்கு மணி நேரமே தூங்கவிட்டு ஃப்ளூ தடுப்பூசி போட்ட இளைஞர்களிடம், பத்து நாள் கழித்து எதிர்ப்பொருள் மற்றவர்களில் பாதிகூட இல்லை. 2009-இல் கோஹன் மறுபடி வைரஸ் சொட்டுவிட்டுப் பார்த்தபோது, ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் தூங்கியவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு.

"எட்டு மணி நேரம் தூங்குங்கள்" என்று படுக்கை நோயாளி இருக்கும் வீட்டில் போய்ச் சொல்வது எளிது. எங்கள் வீட்டில் உண்மையில் உதவியவற்றைச் சொல்கிறேன். அப்பா கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பூஜை மணியைக் கட்டினோம். அதுவரை நான் தூங்கவே இல்லை, காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். மணி அடித்தால் எழலாம் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் நிஜமாகத் தூக்கம் பிடித்தது. நீர் மாத்திரையைக் காலையிலேயே கொடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றியதில் ராத்திரி மூன்று முறை எழுப்புவது ஒன்றானது. படுக்கைப்புண் வராமலிருக்கப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமே, ஏர் பெட் வாங்கினால் ராத்திரியில் அந்த இடைவெளியைக் கூட்டலாமா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் பதில் வேறாக இருக்கும், அதனால் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். பகலில் அவர் கண் அசரும் நேரத்தில் பாத்திரம் துலக்கப் போகாமல் நீங்களும் இருபது நிமிடம் சாயுங்கள். பாத்திரம் காத்திருக்கும்.

ஏழாம் படி: மூச்சு, அப்புறம் நடை

கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், குடல் வரை போகும் வேகஸ் நரம்பு, பரிவு நரம்புகளுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும் கயிறு. 2000-ஆம் ஆண்டில் கெவின் டிரேசியின் குழு, இந்த நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் எலிகளின் அழற்சி குறைவதைக் காட்டியது. அந்த வழியில் வந்த, கழுத்தில் பதிக்கும் ஒரு சிறு கருவிக்கு 2025-இல் அமெரிக்காவில் முடக்குவாத சிகிச்சைக்காக அனுமதி கிடைத்திருக்கிறது. மூச்சுப்பயிற்சி அந்தக் கருவிக்கு ஈடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு மெதுவாவது இந்த வேகஸின் வேலைதான். உங்கள் நாடியைப் பிடித்துக்கொண்டே பார்த்தால் நீங்களே உணரலாம்.

செய்யும் முறை: முதுகு சாய்ந்து உட்காருங்கள். மனதுக்குள் நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். நடுவில் அடக்க வேண்டாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளைக்கு இரண்டு முறை. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். மோட்டார் ஓடி டேங்க் நிரம்பும் நேரத்தில் நான் செய்வேன், அதனால் மறப்பதில்லை.

நடைக்கு இருபது, முப்பது நிமிடம். வெயில் ஏறுவதற்குள் போனால் ராத்திரித் தூக்கத்துக்கும் அது உதவும்.

எட்டாம் படி: மருந்து, தடுப்பூசி விஷயத்தில் ஏமாறாதீர்கள்

ஸ்டீராய்டு மாத்திரை வாரக்கணக்கில் எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தவே கூடாது. வெளியிலிருந்து வருவதால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தியிருக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கும் சில களிம்புகளிலும் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசியை நோயாளிக்குப் போடும்போது நீங்களும் போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அக்கி தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள். அக்கி வந்துவிட்டால், கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்குவது நல்லது. காவி எழுதிக்கொள்வதில் மனசுக்கு நிம்மதி கிடைத்தால் எழுதிக்கொள்ளுங்கள், மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். கண் பக்கத்திலோ நெற்றியிலோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஒன்பதாம் படி: ஆளைச் சேருங்கள்

1997-இல் கோஹன் 276 பேரிடம் வைரஸ் சொட்டுவிட்டுப் பார்த்தார். உறவு, நட்பு, வேலை, வழிபாடு, சங்கம் என்று ஆறு வகைத் தொடர்புகளோ அதற்கு மேலோ இருந்தவர்களைவிட, மூன்றோ அதற்குக் குறைவோ இருந்தவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் முதலில் இழப்பது இந்தத் தொடர்புகளைத்தான். கல்யாணத்துக்குப் போவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை, ஒரு நாள் யாரும் கூப்பிடுவதையும் நிறுத்திவிடுகிறார்கள்.

"ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்று எல்லோரும் சொல்வார்கள். நாமும் "பரவால்ல" என்போம். இனி அப்படிச் சொல்லாதீர்கள். ஒரு தாளில் வேலைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: மாத மருந்து வாங்குவது, பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவது, சனிக்கிழமை ராத்திரி பக்கத்தில் படுப்பது, மாதத்துக்கு இரண்டு நாள் சமைத்து அனுப்புவது. கேட்பவரிடம் தாளை நீட்டி, "இதுல எது உன்னால முடியும்?" என்று கேளுங்கள்.

பேசுவதற்கு ஆளே இல்லை, அல்லது இனி முடியாது என்று தோன்றுகிறது என்றால் இந்தியாவில் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

அந்தத் தாளை நான் முதலில் என் தம்பிக்குத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதிலே இல்லை. அப்புறம் போன் செய்தான். "சனிக்கிழமை ராத்திரி நான் படுத்துக்கிறேன்க்கா. மணி அடிச்சா நான் எந்திரிக்கிறேன், நீ கதவைச் சாத்திட்டுத் தூங்கு." அந்தச் சனிக்கிழமை ஒன்பது மணி நேரம் தூங்கினேன்.